ஆசிரியரை விட்டு நீங்குதல் தகுமா?

நன்னூல் செய்த பவணந்தி முனிவர் நம் சமயத்துச் சான்றோர் என்பதைச் சொல்லிக்கொள்வதில் நமக்குப் பெருமை உண்டு. ஆயினும் அந்நூலின் பொதுப்பாயிரத்தைப் பள்ளிப் பருவத்தில் மனப்பாடம் செய்ததோடு நிறுத்திக்கொண்டவர்களே நம்மில் மிகுதி. ஆசிரியர் நிலம் போலவும் மலை போலவும் துலாக்கோல் போலவும் மலர் போலவும் இருத்தல் வேண்டும் என்ற பகுதியை ஆசிரியர் தின விழாக்களில் தவறாமல் கேட்கிறோம். அதனை அடுத்து, ஆசிரியர் ஆகத் தகாதவர் யார் என்பதையும் அம்முனிவர் கூசாமல் கூறியிருக்கிறார். அதனை மேடையில் எடுத்துச் சொல்வாரைக் காணோம்.

தகாத ஆசிரியருக்கு அவர் தரும் உவமைகளும் நான்கே. கழற்காய் பெய்த குடம் ஒன்று. இட்ட முறையில் வாராமல், கவிழ்க்கும்போது எது முந்துகிறதோ அது வந்து விழும். மடற்பனை ஒன்று, தானாகப் பழம் உதிர்த்தால் உண்டு, ஏறிப் பறிக்க அதன் கருக்குமட்டை இடங்கொடாது. பருத்தி அடைத்த குண்டிகை ஒன்று. அடைப்பதும் அரிது, சிறிது சிறிதாகப் பிடுங்கி எடுப்பதும் அரிது. முடத்தெங்கு ஒன்று, நீர் வார்ப்பவன் ஒருவனாயிருக்க, வளைந்து சென்று அயலான் தோட்டத்தில் காயை உதிர்க்கும். எழுநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட இவ்வுவமைகளை இன்றைய டியூஷன் மையங்களில் பொருத்திப் பார்ப்பவர்க்குச் சிரிப்பும் வரும், வருத்தமும் வரும்.

இவற்றை இங்கு நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. திண்டிவனத்தை அடுத்த சிற்றூர் ஒன்றில் வாழும் அன்பர் ஒருவர் அண்மையில் ஒரு வினாவை என் முன் வைத்தார். அவருடைய மகள் பதினாறு வயதினள். ஆறு ஆண்டுகளாகச் சென்னையில் ஒரு முதிய வித்துவானிடம் வாய்ப்பாட்டுப் பயின்று வருகிறாள். சனிக்கிழமைதோறும் தந்தையும் மகளும் விடியுமுன் பேருந்து ஏறி, ஏறத்தாழ 120 கி.மீ. பயணம் செய்து, ஒரு மணி நேரப் பாடம் கேட்டுத் திரும்புகிறார்கள். வழித் தொலைவு அவர்களுக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. ஆசிரியரின் மனத்தொலைவே அவர்களை வாட்டுகிறது. ஆறு ஆண்டுகளில் அவர் அவளைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. நன்றாகப் பாடினாய் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. பொதுத்தேர்வுக்காக மூன்று வாரம் வராமலிருந்து போனபோது, ஏன் வரவில்லை என்றும் கேட்கவில்லை. விட்ட இடத்திலிருந்து பாடம் தொடங்கியது.

இதற்கிடையே உள்ளூருக்கு அருகிலேயே ஓர் ஆசிரியை வந்திருக்கிறார். அன்பாகப் பேசுகிறார், பிள்ளைகளைத் தட்டிக் கொடுக்கிறார், ஆண்டுக்கு இருமுறை மேடையும் ஏற்றுகிறார். “இவரிடம் மாற்றிவிடலாமா? அப்படிச் செய்தால் குருத்துரோகம் ஆகாதா?” என்பதே அன்பரின் வினா.

குருத்துரோகம் என்ற சொல்லை முதலில் ஆராய்வோம். தேவர், சாத்திரம், குரு என மூன்றினை நாம் வணங்குகிறோம். அங்கே குரு என்னும் சொல் பற்றற்ற, உடைமையற்ற நிர்க்கிரந்த முனிவரையே குறிக்கும். கலை பயிற்றும் ஆசிரியர் நம்மைப் போன்ற இல்லறத்தார். நம்மைப் போலவே சினமும் செருக்கும் உடையவர். அவரைக் குரு என்பது நாட்டு வழக்கு பற்றிய மரியாதை. அவருக்கு நாம் செலுத்த வேண்டிய கடன்கள் வணக்கம், நன்றி, வாய்மை, உரிய ஊதியம் ஆகியவை. தன்னையே ஒப்படைத்தல் அக்கடன்களில் அடங்காது. ஆதலின் நீங்குவதே பாவம் என்று அஞ்ச வேண்டியதில்லை. இவ்வளவும் சொன்னால் வினா தீர்ந்துவிடும் என எண்ணினேன், தீரவில்லை. நீங்கலாம் என்பது வேறு, நீங்க வேண்டும் என்பது வேறு அல்லவா?

மீண்டும் நன்னூலுக்கு வருவோம். நல்லாசிரியருக்கு உவமையான மலையும், தகாத ஆசிரியருக்கு உவமையான மடற்பனையும் அடியில் நின்று அண்ணாந்து பார்ப்பவனுக்கு ஒன்று போலவே தோன்றும். இரண்டும் உயரமானவை, இரண்டும் எளிதில் ஏறவொண்ணாதவை, இரண்டும் நம்மை நோக்கிக் குனிவதில்லை. ஆனால் மழை பொய்த்த காலத்திலும் மலையிலிருந்து வளம் வரும் என்கிறார் முனிவர். மலையின் முகத்தை நோக்கி அது குளிர்ந்ததா வெம்மையானதா என்று ஆராய்வதில் பயனில்லை. அருவி வருகிறதா என்று அடிவாரத்தில் பார்க்க வேண்டும்.

இசையில் அருவி எது? பாராட்டன்று, திருத்தமே. பெரும்பகுதி எழுத்தில் அடங்காத கலை இது. சரளி வரிசை முதல் அட தாள வர்ணம் வரை ஸ்வரக் குறிப்பை ஏட்டில் எழுதிவிடலாம்; ஒரு ராகத்தின் கமகம் எவ்வளவு அசைய வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்பதை ஏடு தராது. ஆசிரியர் பாட, மாணாக்கர் பாட, பிழைத்த இடத்தில் ஆசிரியர் நிறுத்த, மீண்டும் பாட என்று செவிவழியாகவே அது இறங்க வேண்டும். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, அவர் அன்பாக இருக்கிறாரா என்பதன்று. பிழையை நிறுத்துகிறாரா என்பதே. பிழையையும் கேளாமல் கடந்து விடுபவர் எத்தனை இன்முகம் காட்டினாலும் பயனில்லை. (இன்முகம் காட்டும் ஆசிரியர் எல்லாரும் திருத்தாதவர் என்று நான் சொல்வதாக யாரும் கொள்ள வேண்டாம். அன்போடு திருத்துபவரே யாவரினும் சிறந்தவர். அப்படி ஒருவர் வாய்த்திருந்தால் இக்கட்டுரைக்கே வேலையில்லை.)

இத்தகைய தருணத்தில் பலரும் அன்னபூர்ணா தேவியாரின் கதையை எடுத்துக் காட்டுவர். மைஹர் அலாவுதீன்கானின் மகளும் மாணாக்கியுமான அவர் (1927-2018) சுர்பஹார் வாசிப்பில் ஒப்பற்றவராக இருந்தும் மேடையை அறவே துறந்து, மும்பையில் தம் இல்லத்தினின்று வெளிவராமல், மிகச் சிலருக்கே கற்பித்தார். புல்லாங்குழல் மேதை ஹரிபிரசாத் சௌராசியா அவரிடம் சென்றபோது ஏற்கெனவே பேர்பெற்ற கலைஞர். பல முறை மறுக்கப்பட்டும் மீண்டும் மீண்டும் சென்று, கற்றதையெல்லாம் விட்டுப் புதிதாகத் தொடங்க ஒப்பி, அதற்குச் சான்றாக வலப்பக்கம் பிடித்த குழலை இடப்பக்கம் மாற்றிப் பிடித்துப் பழகினார் என்பது அறிந்த செய்தி. வியக்கத்தக்க வரலாறுதான். ஆயினும் இதனைச் சொல்லிப் பிள்ளைகளைப் பொறுத்திருக்கச் செய்வது எனக்கு உடன்பாடன்று. சௌராசியா வளர்ந்தவர், தம் உழைப்பில் உண்டவர், எவரும் அழைத்துச் செல்லாமல் தாமே கதவைத் தட்டியவர். பத்து வயதில் தந்தையின் கைபிடித்துச் சென்ற குழந்தையின் பொறுமையை அவருடைய பொறுமையோடு ஒப்பிடுதல் முறையன்று. குழந்தையின் பொறுமை பல வேளைகளில் பெற்றோரின் ஆசைக்குப் பெயராக இருக்கிறது.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். விலகி நிற்றல் வேறு, புண்படுத்துதல் வேறு. பிள்ளையை இழிசொல்லால் ஏசுபவர், அடிப்பவர், அச்சுறுத்துபவர், வரம்பு மீறிப் பழகுபவர் ஆகியோரிடமிருந்து அன்றைக்கே அழைத்து வந்துவிட வேண்டும். அகிம்சையைப் பரம தருமமாகக் கொண்டவர்கள் இதில் பஞ்சாங்கம் பார்த்துக்கொண்டிருக்கலாகாது. கலை பிறகு பார்த்துக்கொள்ளப்படும்.

அத்தகைய குற்றம் எதுவும் இல்லாதபோதுதான் உள்நோக்கிய ஆராய்ச்சி தேவைப்படுகிறது. நம் சாத்திரங்கள் கஷாயங்களை நான்காக வகுத்துள்ளன: குரோதம், மானம், மாயை, லோபம். நீங்க விரும்பும் மனத்தை இந்நான்கினாலும் சோதித்துப் பார்க்கலாம். என் மகளைப் பெயர் சொல்லி அழைக்கவில்லையே என்ற வருத்தத்தில் மானம் எவ்வளவு? மேடை கிடைக்கும் என்ற விருப்பத்தில் லோபம் எவ்வளவு? நல்லது, ஆனால் தங்க விரும்பும் மனத்தையும் அதே உரைகல்லில் உரைக்க வேண்டும் என்பதை மறந்துவிடுகிறோம். “இன்னாரிடம் பயில்கிறாள்” என்று திருமண வீடுகளில் சொல்லிக்கொள்ளும் இன்பம் மானத்தைச் சேர்ந்ததா, நன்றியைச் சேர்ந்ததா? ஆறு ஆண்டுப் பேருந்துச் செலவு வீணாகிவிடுமே என்ற கணக்கு எதனைச் சேர்ந்தது? அன்பரிடம் இதைக் கேட்டபோது அவர் சிறிது நேரம் பேசவில்லை.

தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயத்தில் உமாசுவாமி ஞானாவரணீய வினை வந்து சேர்வதற்குரிய காரணங்களை அடுக்குகிறார். அவற்றுள் இரண்டு நம் வினாவுக்கு நெருங்கியவை. ஒன்று நிஹ்னவம்: கற்றதையும் கற்பித்தவரையும் மறைத்தல். மற்றொன்று மாத்சரியம்: தகுதியுடையவனுக்குப் பொறாமையால் கற்பியாது ஒளித்தல். அங்கே பேசப்படுவது ஆன்ம ஞானம் பற்றியது. பாட்டுக் கல்வியை அதற்கு நிகராக வைக்கவில்லை. எனினும் மனத்தின் போக்கு இரண்டிடத்தும் ஒன்றே. ஆசிரியரும் மாணாக்கரும் ஒரே சூத்திரத்தில் கட்டுண்டிருக்கும் அழகைப் பாருங்கள். ஒளிக்கும் ஆசிரியருக்கும் வினை, மறைக்கும் மாணாக்கருக்கும் வினை. எனவே பழைய ஆசிரியரிடம் சொல்லாமல் புதியவரிடம் இரகசியமாகச் சேர்வதும், புதியவரிடம் “முன்பு யாரிடமும் முறையாகக் கற்கவில்லை” என்பதும் நீங்குதலைவிடப் பன்மடங்கு தீயவை. இன்று செல்பேசித் திரையின் வழியே பாடம் கேட்பது எளிதாகிவிட்டதால், சனிக்கிழமை ஒருவரிடமும் செவ்வாய்க்கிழமை வேறொருவரிடமும் ஒருவர்க்கொருவர் அறியாமல் பயிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அது மாயை என்னும் கஷாயம்; வேறு பெயர் அதற்கில்லை.

சரி, அவ்வித்துவான் ஒளிப்பவரா? ஒளிப்பதும் காலம் பார்த்திருப்பதும் வெளிக்கு ஒன்றுபோல் இருக்கும். சிந்தாமணியில் அச்சணந்தி அடிகள் சீவகனுக்குக் கலையெல்லாம் கற்பித்தார். அவன் பிறப்பின் உண்மையை மட்டும் கல்வி முடியும்வரை சொல்லவில்லை. சொன்னபோதும், கட்டியங்காரன்மேல் ஓராண்டு சினம் கொள்ளாதிருக்குமாறு உறுதி பெற்றுக்கொண்டார். அந்த மௌனம் கொடை. எல்லா மௌனமும் அவ்வாறில்லை என்பதும் உண்மை.

இத்தனை பேச்சுக்கும் இடையே அப்பெண்ணை யாரும் கேட்கவில்லை என்பது எனக்கு நெடுநேரம் கழித்தே உறைத்தது. தந்தையின் முன்னிலையிலேயே கேட்டேன். அவள் சொன்னாள்: “அவர் கண்ணை மூடிக்கொண்டுதான் தாளம் போடுவார். நான் தவறினால் அவர் கை நின்றுவிடும். வாயால் ஒன்றும் சொல்லமாட்டார். சரியாக வந்த பிறகுதான் கை மறுபடியும் விழும்.” கை எத்தனை முறை நின்றது என்பதை ஒவ்வொரு வாரமும் அவள் ஏட்டில் குறித்து வைத்திருக்கிறாள். அவர் பாராட்டாதது அவளுக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. அவள் குறை வேறு. கீர்த்தனைகள் நாற்பதுக்கு மேல் பாடமாகியும் ஆலாபனைக்கும் கற்பனை ஸ்வரத்துக்கும் அவர் வழி காட்டத் தொடங்கவில்லை. ஒருமுறை தயங்கிக் கேட்டதற்கு “ஆகட்டும்” என்றாராம். அது நிகழ்ந்து ஓராண்டு ஆகிறது.

இங்கே வினாவின் உருவே மாறிவிட்டது. அருவி வருகிறது என்பது தெரிந்தது. ஆனால் அது ஓரிடத்தில் நின்றுவிட்டதா, மேலே தேங்கி நிற்கிறதா என்பது தெரியவில்லை. இதனை ஊகத்தால் முடிவு செய்ய வழியில்லை. அவரையே கேட்டாக வேண்டும். மாணாக்கன் ஆசிரியரிடம் குளிர்காய்வோன் தீயிடம் இருப்பதுபோல் மிக நெருங்காமலும் மிக விலகாமலும் இருக்கவேண்டும் என்ற பவணந்தியாரின் அறிவுரையில் நாம் முதற்பாதியை மட்டும் பிடித்துக்கொண்டோம். அஞ்சி விலகுவதும் அங்கே விலக்கப்பட்டிருக்கிறது.

இன்னொரு கணக்கும் அவர் தருகிறார். ஆசிரியர் எத்துணை நிறைவாகக் கற்பித்தாலும் மாணாக்கன் பெறுவது கால் பங்கே. உடன் பயில்வோரால் ஒரு கால். பிறர்க்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைப்பங்கு. இப்பெண்ணுக்கு உடன் பயில்வோர் இல்லை. பிறர்க்குச் சொல்லித் தரவும் இல்லை. முக்கால் பங்கை வேறெங்கும் தேடாமல், கால் பங்கு தரும் முதியவரிடம் முழுமையையும் எதிர்பார்த்துக் கசந்துபோவது நேர்மையாகாது. ஜிநாலயத்தில் தோத்திரம் பாடும் நம் சிறார்க்கு வாரம் ஒரு மாலை சுருதி சேர்த்துப் பாடக் கற்றுக்கொடு என்று அவளிடம் சொன்னேன். ஒப்புக்கொண்டாள்.

தந்தையிடம் சொன்னவை சிலவே. மகளே கேட்கட்டும், நீங்கள் அருகில் நின்றால் போதும். சீவகனுக்கு விதித்தது போல் ஓராண்டு தவணை வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகும் வழி திறக்கவில்லையெனில், வெற்றிலை பாக்கு பழத்தோடு நேரில் சென்று, காரணத்தை மறைக்காமல் சொல்லி, வணங்கி விடைபெறுங்கள். புதிய ஆசிரியையிடம் முதல் நாளே பழையவர் பெயரைச் சொல்லுங்கள்.

கடந்த மாதம் அவள் கேட்டிருக்கிறாள். வித்துவான் வெகுநேரம் ஒன்றும் பேசாமல் இருந்து, “அடுத்த வாரம் அரைமணி முன்னதாக வா. தம்பூராவை நீயே சுருதி சேர்க்க வேண்டும்” என்றாராம். இது விடைதானா, அல்லது இன்னொரு “ஆகட்டும்” தானா என்று தந்தையும் தாயும் இன்னும் விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள். மகள் ஒரு பேருந்து முன்னதாகப் புறப்படுகிறாள்.