கேட்பாரற்ற நினைவு

சில ஆண்டுகளாகப் பீரோவில் கிடந்த லேப்டாப்பை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு சேலத்துப் பழுதுநீக்கும் கடைகளுக்கு வருவோர் உண்டு. லாரி வைத்திருந்த அப்பாவின் டிரிப் கணக்கு, டீசல் பில், அவற்றுக்கிடையே அவர் உயிரோடிருந்தபோது எடுத்த படங்கள். கணக்கு போனால் போகட்டும், படம் மட்டும் வந்தால் போதும் என்று பேச்சு மெல்ல இறங்கி வரும்.

நாம் பத்திரம் என்பது எதை? பூட்டி வைத்ததையா, தொடாமல் விட்டதையா? இன்றைய லேப்டாப்பின் சேமிப்பகமான எஸ்.எஸ்.டி.க்குள் எதுவும் பொறிக்கப்படுவதில்லை. மெல்லிய காப்புப் படலத்துக்குள் சிறைப்பட்ட எலக்ட்ரான்களே அங்கு எழுத்து. மின்சாரம் எட்டாத காலமெல்லாம், மண்பானையில் நீர் கசிவதுபோல் அவை கசிகின்றன. வெப்பம் ஏறினால் கசிவும் விரைகிறது. எழுதியெழுதித் தேய்ந்த எஸ்.எஸ்.டி. 30 டிகிரியில் ஓராண்டு தாங்கினால் போதும் என்பதே வீட்டுப் பயன்பாட்டுக்கு ஜெடெக் என்னும் தர நிர்ணய அமைப்பு வகுத்த அளவுகோல். அதிகம் தேயாதது நெடுநாள் தாங்கும், மெய்தான். ஆனால் சித்திரை வெயிலில் நம் வீட்டுப் பீரோ 30 டிகிரியில் நிற்பதில்லை.

அழிப்பதிலும் இது பழைய ஹார்ட் டிஸ்க்கைப் போல் இரக்கமுள்ளதன்று. அங்கே அழித்த கோப்பு, அதன்மேல் வேறொன்று எழுதப்படும்வரை கிடக்கும். இங்கே, இந்த இடம் இனி தேவையில்லை என்று சொல்லும் டிரிம் கட்டளை போய்விட்டால், அந்த இடத்தை எஸ்.எஸ்.டி. தானாகவே துடைத்துவிடும். அழித்ததை மீட்க வந்தவருக்கு மின்சாரம் பகை. மறந்ததை மீட்க வந்தவருக்கு மின்சாரமின்மை பகை. மீட்ட படங்களையும் பலர் பென்டிரைவில்தான் வாங்கிச் செல்கிறார்கள். அதுவும் அதே இனம்.

கசியாத எழுத்தும் உண்டு. நாமக்கல் மலையில் அதியர் மரபினர் எட்டாம் நூற்றாண்டளவில் குடைந்த கோயிலின் கல்லெழுத்து, படிப்பாரற்ற நூற்றாண்டுகளையும் கடந்து நின்றது. ஓலைக்கு அந்த வரம் இல்லை. படியெடுப்பார் இல்லையேல் செல்லுக்கு இரை. சீவக சிந்தாமணிச் சுவடிகள் அங்கங்கே இருந்தன, படிப்பார்தாம் அருகியிருந்தனர். 1880-இல் கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசாமி முதலியார், அதைப் படித்ததுண்டா என்று உ.வே. சாமிநாதையரைக் கேட்டார்; ஏட்டின் படியையும் கொடுத்தார். 1887-இல் அது அச்சேறியது. (நூறாண்டு கழித்து, 1987-இல், தோஷிபாவின் மசுவோகா குழு, இன்றைய எஸ்.எஸ்.டி.க்கு அடிப்படையான நாண்ட் ஃபிளாஷை அறிவித்தது. காலத்தின் விளையாட்டு!)

ஓலையாயினும் எலக்ட்ரானாயினும், ஒருவர் அதை நாடி வந்து, திறந்து, வாசித்து, வேறோர் இடத்தில் மறுபடி எழுதிவைக்கும் செயல் என்று நின்றுபோகிறதோ அன்றே மறதி தொடங்கிவிடுகிறது என்றால், நினைவு என்பது வைத்திருக்கும் பொருளின் குணமன்று, வைத்திருப்பவர் ஓயாமல் செய்தாக வேண்டிய வினை என்றே கொள்ள வேண்டியிருக்கிறது. கல்லில் வெட்டியவன் அந்த வினையிலிருந்து தன் சந்ததியை விடுவித்துப் போனான். நமக்கோ ஒவ்வொரு தலைமுறையிலும் எதைப் படியெடுப்பது, எதைக் கசிய விடுவது என்ற தேர்வு காத்திருக்கிறது. ஆயிரக்கணக்கில் படமெடுத்துக் குவிக்கும் நாம் அந்தத் தேர்வை இன்னும் தொடங்கவே இல்லை.