வலிப்பு மருந்தும் அகிம்சை அணுவிரதமும்



போரூரிலிருந்து பூந்தமல்லி கடந்து தண்டலம் வரை நெடுஞ்சாலையோரம் மருத்துவக் கல்லூரிகள் பல எழுந்துள்ளன. அம்பத்தூர், ஆவடிப் பகுதிகளில் வாழும் நம் குடும்பங்களில் மருத்துவமும் மருந்தியலும் பயிலும் பிள்ளைகளுக்கு ஓர் ஐயம் எழுதல் இயல்பு. எலிக்கு வலிப்பை வரவழைத்து மருந்தைச் சோதித்தல் நம் விரதத்திற்கு அடுக்குமா? அம்மருந்தை நாள்தோறும் உட்கொள்வோர் இல்லத்திலும் எழக்கூடிய ஐயமே இது.

முதற்கண் நடப்பதை அறிவோம். 1938இல் மெரிட், பட்னம் என்னும் அமெரிக்க மருத்துவர் இருவர், பூனைகளுக்கு மின்சாரத்தால் வலிப்பு உண்டாக்கி, ஃபெனிட்டாயின் அதனைத் தடுக்கக் கண்டனர். பின்னர், எலியின் கண்ணிலோ செவியிலோ மின்முனை வைத்து நொடிப்பொழுது மின்சாரம் பாய்ச்சுதலும், வலிப்பூட்டும் வேதிப்பொருளை ஊசிவழிச் செலுத்துதலும் வழக்கமான சோதனைகளாயின. இவ்வழி வந்த மருந்துகளால் எண்ணற்றோர் நலமுற்றனர் என்பதும் மெய்யே.

இல்லறத்தாரின் இம்சையை ஆன்றோர் நான்காக வகுத்தனர். சமைத்தல் முதலிய இல்லப் பணிகளில் நேர்வது ஆரம்ப இம்சை. உழவு முதலிய தொழில்களில் நேர்வது உத்தியோக இம்சை. தற்காப்பில் நேர்வது விரோத இம்சை. இம்மூன்றையும் இயன்றவரை குறைத்தல் கடன். எண்ணித் துணிந்து ஓருயிரை வருத்தும் சங்கல்ப இம்சையை மட்டும் அறவே விலக்குதல் வேண்டும். சோதனைக்கூடத்தில் எலி தற்செயலாகத் துன்புறவில்லை. அதற்கு வலிப்பு வருவித்தலே அங்கு செயல். நோய் தீர்க்கும் நோக்கம் நன்றாயினும், செயல் சங்கல்பத்தைச் சார்ந்ததே. உயிர்களைக் கட்டி அடைத்தலையும் தத்துவார்த்த சூத்திரம் இவ்விரதத்தின் அதிசாரமாகவே எண்ணுகிறது.

அவ்வாறாயின் மருந்தை எறிந்துவிடலாமோ? ஒருபோதும் கூடாது. வலிப்பு மருந்தைத் திடீரென நிறுத்தினால் தொடர் வலிப்பு நேர்ந்து உயிருக்கே இறுதியாகலாம். தன்னுயிரை வருத்துதலும் இம்சையே. உண்பவர் எலியை வருத்தியவரும் அல்லர், வருத்துவித்தவரும் அல்லர். ஆயினும் வினை செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என மூவழியாக வரும். மூன்றாம் வழியை அடைப்பது நோயுற்றவர்க்கு மட்டுமன்றி நம் அனைவர்க்கும் உரிய கடமை.

அதற்கு வழியும் உண்டு. ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் கொண்டுவந்த தனிநபர் மசோதா வித்திட்ட 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டம், இயலும் இடமெல்லாம் விலங்குச் சோதனையைத் தவிர்க்க வேண்டும் என்கிறது. 2023இல் திருத்தப்பட்ட புதிய மருந்து விதிகள், மனித உயிரணுக்கள், கணினி முதலியவற்றால் சோதிக்கவும் இடமளிக்கின்றன. விலங்குச் சோதனையும் பிழைபடாததன்று. இன்று பலர் உண்ணும் லெவெடிராசிட்டம், மேற்கூறிய இரு வழக்கமான சோதனைகளிலும் பயனற்றதாகவே தோன்றியது; வேறுவகைச் சோதனைகளிலேயே அதன் ஆற்றல் வெளிப்பட்டது.

ஆதலின் ஆய்வுக்கூடம் புகும் நம் பிள்ளைகள், விலங்கு நெறிமுறைக் குழுவின் முன் மூன்று வினாக்களை அஞ்சாது எழுப்புக: மாற்றுமுறை இல்லையா? எண்ணிக்கையைக் குறைக்கலாகாதா? வலியைத் தணிக்க என் செய்தீர்கள்? பெற்றோர் அவர்களைத் தடுக்காது ஊக்குக. பொருள் படைத்தோர் மாற்றுமுறை ஆய்வுக்கு நல்குக, அதுவும் அபயதானமே.

மருந்துண்போர் நலம் பெறுக. வாயில்லா உயிர்கள் அச்சம் நீங்குக. அருகன் திருவறம் ஓங்குக!