சிறையிலிருந்து திரும்பும் கணவருக்கும், கதவைத் திறக்கும் மனைவிக்கும்

பொதுக்காலம் 21ஆம் ஞாயிறு – இரண்டாம் ஆண்டு



எபேசியர் திருமுகத்தின் 5ஆம் அதிகாரம் வாசிக்கப்படும்போது, மனைவியர் கணவருக்குப் பணிய வேண்டும் என்ற இடம் வந்ததும் ஆண்கள் பக்கத்தில் ஒரு சின்னச் சிரிப்பு எழும். பவுல் அதற்கு முந்தின வசனத்திலேயே, இருவரும் ஒருவருக்கொருவர் பணிந்திருங்கள் என்று சொல்லிவிட்டார். அது எப்படியோ காதில் விழுவதில்லை.

இந்த வாசகத்தை இன்று ஒரு வீட்டுக்குள் கொண்டுபோவோம். யார் வீடு என்று தேட வேண்டாம். நான் கற்பனை செய்த வீடு. கணவர் பாளையங்கோட்டை மத்திய சிறையில் தண்டனை முடிந்து வருகிறார். அவர் உள்ளே இருந்த காலமெல்லாம் மனைவி பீடி சுற்றினார், மகளிர் குழுவில் கடன் வாங்கி அடைத்தார், பிள்ளைகளைப் படிக்க வைத்தார், பஸ் ஏறிப் போய் மனு போட்டு அவரைப் பார்த்துவிட்டு வந்தார். கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து அவர் அழுதார். கல்யாணமான புதிதில்கூட அவர்கள் அப்படி மனம்விட்டுப் பேசியதில்லை. காதல் என்று அதைத் தாராளமாகச் சொல்லலாம்.

சிக்கல் அவர் வீடு வந்த பிறகுதான். விசில் அடித்தால் எழுந்து, எண்ணிக்கைக்கு வரிசையில் நின்று, சாயங்காலமே பூட்டப்பட்டு வாழ்ந்த மனிதர். சொந்த வீட்டில் கதவைத் திறக்கவே சில நாள் தயங்குவார். அப்புறம், அதட்டினால்தான் காரியம் நடக்கும் என்று அங்கே கற்றதை இங்கே காட்டத் தொடங்குவார். “நான் வந்துட்டேன், இனி நான் பார்த்துக்கிறேன்” என்பார். பாசத்தில் சொல்வதுதான். ஆனால் இத்தனை வருடம் பார்த்துக்கொண்டவள் எதிரில் நிற்கிறாள். அவள் பதில் சொன்னால் கை ஓங்குகிறது.

“அடிக்கிற கைதான் அணைக்கும்” என்று ஆறுதல் சொல்ல நம்மில் ஆள் உண்டு. கதாநாயகன் ஓர் அறை விட்டதும் கதாநாயகி திருந்திக் காதலிக்கும் படங்களைப் பார்த்து வளர்ந்தவர்கள்தானே நாம்! திருச்சபையின் குரல் வேறு. 4ஆம் நூற்றாண்டில், கொரிந்தியருக்கு எழுதப்பட்ட முதல் திருமுகத்துக்கு விளக்கம் சொல்லும்போது புனித யோவான் கிறிசோஸ்தோம் கணவர்களை நேராகவே கண்டித்தார். தெருவெல்லாம் கேட்கும்படி மனைவி அலறுகிறாள், ஏதோ காட்டு விலங்கு உள்ளே புகுந்ததுபோல அக்கம்பக்கத்தார் ஓடி வருகிறார்கள். இந்த அவமானம் அடித்தவனுக்குத்தான் என்பது அவர் வாதம். திருத்தந்தை பிரான்சிஸ் 2016இல் ‘அன்பின் மகிழ்ச்சி’ மடலில் இதைக் கோழைத்தனம் என்றே குறிப்பிட்டார். வீட்டில் ஒழுங்கு வேண்டும், மறுக்கவில்லை. அதைப் பிரம்பாகப் பிடிக்கும் உரிமை கணவருக்கு இல்லை, மனைவிக்கும் இல்லை.

ஓசேயா இறைவாக்கினரை நினைத்துப் பாருங்கள். பிரிந்து போன பெண்ணை 15 வெள்ளிக்காசும் வாற்கோதுமையும் கொடுத்து மீட்டுவந்தார். வந்த உடனே பழைய வாழ்க்கை தொடங்கிவிடவில்லை. நெடுநாள் காத்திருக்கச் சொன்னார். தானும் அப்படியே இருப்பதாக வாக்குக் கொடுத்தார். (அதற்கு முந்தின அதிகாரத்தில் வரும் கடுமையான மிரட்டல்களை எந்தக் கணவரும் தனக்குக் கிடைத்த அதிகாரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.) வீடு திரும்பியவர் முதலில் ஒழுங்குபடுத்த வேண்டியது தன்னைத்தான்: குடியைத் தொடாமல், சம்பளத்தை மறைக்காமல், கோபம் வரும்போது வெளியே நடந்துபோய்விட்டு வரப் பழகுவது. சாவிக்கொத்து இன்னும் கொஞ்ச நாள் அவள் இடுப்பிலேயே இருக்கட்டும்.

அவளுக்கு விருப்பமிருந்தால்தான் இதெல்லாம். இன்றைய மற்ற இரண்டு வாசகங்களும் எனக்கு இதைத்தான் சொல்கின்றன. யோசுவா செக்கேமில் மக்களைக் கூட்டி, யாருக்கு ஊழியம் செய்வீர்கள் என நீங்களே தேர்ந்துகொள்ளுங்கள் என்றார். பலர் விலகிப் போனபோது இயேசு பன்னிருவரைப் பார்த்து, நீங்களும் போக நினைக்கிறீர்களா என்று கேட்டார். போகலாம் என்ற வழி திறந்திருந்ததால்தான் பேதுருவின் பதிலுக்கு மதிப்பு. நாமோ இந்தப் பெண்ணிடம் கேட்பதே இல்லை. உறவினர், உபதேசியார், சில வேளை பங்குத்தந்தையும் சேர்ந்துகொண்டு, “பிள்ளைங்க முகத்தைப் பார்த்து அனுசரிச்சுப் போம்மா” என்று முடித்துவிடுகிறோம். உடலுக்கோ ஆன்மாவுக்கோ பெரும் ஆபத்து இருந்தால் பிரிந்து வாழ நியாயம் உண்டு என்கிறது திருச்சபைச் சட்டம் 1153. அந்தக் காரணம் நீங்கினால் மறுபடி சேர்வதையும் அதே சட்டம் சொல்கிறது. நீங்கிவிட்டதா என்பது அவளுக்குத்தான் முதலில் தெரியும். நாட்டின் 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டமும் அவளை அந்த வீட்டைவிட்டுத் துரத்த முடியாதபடி காக்கிறது.

பங்கு மக்களுக்கும் வேலை இருக்கிறது. சிறையிலிருந்தேன், பார்க்க வந்தீர்கள் என்று ஆண்டவர் சொல்வதை மத்தேயு 25இல் கேட்டிருக்கிறோம். வெளியே வந்தவரையும் பார்க்க வேண்டும்தானே. போலீஸ் சான்று கேட்கும் இடத்தில் அவருக்கு வேலை கிடைப்பது கஷ்டம். கடையோ பட்டறையோ வைத்திருப்பவர்கள், ஓர் ஆளுக்கு இடம் கொடுக்க முடிந்தால், பூசை முடிந்ததும் என்னை வந்து பாருங்கள். வீட்டில் அடி வாங்கும் சகோதரிகள் கன்னியர் மடத்துக்கு எந்த நேரமும் போகலாம், 181 என்ற பெண்கள் உதவி எண்ணுக்கும் அழைக்கலாம். ஏன் வந்தாய் என்று மடத்தில் யாரும் கேட்க மாட்டார்கள்.

எழுந்து நின்று நம்பிக்கை அறிக்கை செய்வோம்.