மலைச் செடி தரும் படிப்பினை

 

வெயில் அல்லாஹ்வின் நிஃமத்து. அதைக் கொண்டே இலை தன் உணவைச் சமைக்கிறது. ஆனால் அளவை மீறினால் அதே வெயில் இலையைப் பொசுக்கிவிடும். உயர்ந்த மலைகளில் வளரும் செடிகளுக்கு இந்த ஆபத்து அதிகம். 1,000 மீட்டர் உயரத்துக்குச் சூரியனின் புற ஊதாக் கதிர் ஏறத்தாழ நூற்றுக்குப் பத்து வீதம் கூடுகிறது. காலையில் வெயிலோ முழுதாக அடிக்கும். குளிரினால் இலைக்குள் வேலையோ மெதுவாக நடக்கும். சரக்கு மூட்டை மூட்டையாக வந்திறங்க, கடையில் ஆளில்லாத நிலைதான் அது.

ரப்புல் ஆலமீன் இச்செடிகளுக்குப் பாதுகாப்பும் அளித்திருக்கிறான். ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலையில் எடெல்வைஸ் என்றொரு சிறு செடி உண்டு. அதன் பூவைச் சுற்றிய இலைகளில் வெண்பஞ்சு போல் ரோமம் அடர்ந்திருக்கும். அந்த ரோமம் தீய கதிரைத் தன்னிடமே பிடித்துக்கொண்டு, வேண்டிய வெளிச்சத்தை உள்ளே விடுகிறதென்று 2005-ல் பெல்ஜிய விஞ்ஞானிகள் கண்டனர்.

இதனினும் பெரிய அதிசயம் இலைக்குள் நடக்கிறது. வெளிச்சம் மிகும்போது ஒருவகை மஞ்சள் நிறப்பொருள் இலையில் பெருகுகிறது. மக்காச்சோளத்துக்கு நிறம் தருவதும் அதுவே. இலைக்குப் பயன்படாத மிச்சத்தை வெப்பமாக்கி வெளியே விட அது உதவுகிறது. வெயில் தணிந்ததும் அது மெல்லக் குறைந்துவிடும். வேண்டியதைக் கொள்வதும் மிஞ்சியதை விடுவதுமே அச்செடியின் உயிரைக் காக்கின்றன.

நமக்கு ஒரு வருஷம் வியாபாரம் கொழித்தது. விலை இன்னும் ஏறட்டுமென்று வெங்காய மூட்டைகளை அடுக்கி வைத்தோம். ஜகாத்துக் கணக்கைப் பிறகு பார்ப்போமென்று தள்ளினோம். உதவி கேட்டு வந்த ஒரு விதவைத் தாயாரை, "நாளைக்கு வாங்கம்மா" என்று அனுப்பிவிட்டோம். மூட்டைகள் அழுகின, நம் கையாலேயே அள்ளிக் கொட்டினோம். பிறகு அந்தத் தாயாரைத் தேடிப் போனோம். அவர் வீட்டைக் காலி செய்து போய்விட்டிருந்தார். பொருள் நஷ்டம் மறந்துவிட்டது. அந்த மூடிய கதவு மறக்கவில்லை.

சகோதரர்களே! நிஸாபை எட்டி வருஷம் பூர்த்தியான சரக்குக்கும் ரொக்கத்துக்கும் நூற்றுக்கு இரண்டரை நம்மீது கடமை. அது ஏழையின் ஹக்கு. நம் முதலைக் காக்கும் கவசமும் அதுவே. இன்றிரவே கணக்குப் புத்தகத்தைத் திறப்போம். கேட்டு வருபவரை நாளைக்கு வரச் சொல்லாதிருப்போம். வல்ல நாயன் நம் வியாபாரத்தில் பரக்கத்தும், கொடுக்கும் மனமும் தந்தருள்வானாக! ஆமீன்.