எலியாபின் உயரம்



தவக்காலத்தின் நான்காம் ஞாயிறாகிய இன்று, முதல் வாசகத்தில், சாமுவேல், ஈசாயின் மகன்களில் ஒருவரை அரசராக அருள்பொழிவு செய்ய, எண்ணெய்க் கொம்போடு பெத்லகேமுக்கு வருகிறார். மூத்தவன் எலியாபு வாட்டசாட்டமாக வந்து நிற்கிறான். பார்த்த மாத்திரத்தில் ‘இவன்தான்’ என்று முடிவுகட்டிவிடுகிறார் இறைவாக்கினர். இத்தனைக்கும் பட்டறிவு இல்லாதவரா? எல்லாரையும்விடத் தோளுக்கு மேல் உயர்ந்து நின்ற அழகன் சவுலை அருள்பொழிவு செய்தவரே அவர்தான். அந்தச் சவுலை நினைத்து வருந்துவதையே இன்னும் நிறுத்தவில்லை. அதற்குள் மறுபடியும் உயரம் கண்ணை மறைக்கிறது. ஆண்டவர் தடுத்திராவிட்டால் எண்ணெய் எலியாபின் தலையில்தான்.

சாமுவேலுக்கே இப்படி என்றால் நாம் எம்மாத்திரம்? அமெரிக்க உளவியலாளர் காரன் டியோன் 1972-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு. குழந்தை ஒன்று செய்த தப்பை எழுதி, கூடவே ஒரு புகைப்படத்தையும் வைத்துக் கல்லூரி மாணவிகளிடம் கொடுத்தார். தப்பு அதேதான், முகம் மட்டும் வேறு. கடுமையான தப்பை அழகான குழந்தை செய்திருந்தால், ஏதோ அன்றைக்கு மனசு சரியில்லை என்று விட்டுவிடப் பார்த்தார்கள். அழகில்லாத குழந்தை என்றால், அதன் குணமே அப்படி என்று நினைக்கத் தலைப்பட்டார்கள்.

நம் மறைக்கல்வி வகுப்புக்கு வாருங்கள். சிவப்பாக, லட்சணமாக இருக்கிற பிள்ளை வாயடித்தால் ‘சுட்டி’. கறுத்த பிள்ளை அதையே பேசினால் ‘அடங்காதது’. கிறிஸ்து பிறப்பு நாடகத்தில் வானதூதர் சிறகு யார் முதுகில் ஏறுகிறது, ஏரோதின் மீசை யாருக்கு ஒட்டப்படுகிறது என்று யோசித்துப் பாருங்கள். அநியாயம் செய்ய வேண்டுமென்று யாரும் செய்வதில்லை. சிக்கலே அதுதான். ஒப்புரவு அருளடையாளத்துக்குமுன் ஆன்மச் சோதனை செய்கிறோமே, அப்போது பொய்யும் கோபமும் நினைவுக்கு வரும்; முகம் பிடிக்காததால் ஒருவர் சொல்லை நம்பாமல் போனது நினைவுக்கு வருமா?

கடைசியில் அருள்பொழிவு பெற்ற தாவீதும் அழகன்தானே என்று யாராவது கேட்கலாம். உண்மைதான், அதே அதிகாரம் அதைச் சொல்கிறது. அழகு குற்றமில்லை. ஆனால் ஏழு மகன்களை வரிசையாக அழைத்து வந்த தகப்பனுக்கு, ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அவனைக் கூப்பிடத் தோன்றவேயில்லை.

பெரிய வியாழன் நற்கருணைப் பவனியில் மலர் தூவும் சிறுமிகளை இந்த ஆண்டு சீட்டுக் குலுக்கித்தான் எடுக்கப்போகிறோம். திருப்பலி முடிந்ததும் அருட்சகோதரியிடம் பெயர் கொடுங்கள். போட்டோவில் எடுப்பாக இருக்காது, ஃபாதர் என்று யாரும் என்னிடம் வர வேண்டாம்.