தோளில் இட்ட குறியும் தோலில் குத்திய பச்சையும்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

காவிரி ஒகேனக்கல் பாறைகளினூடே இறங்கி மேட்டூரை நோக்கிச் செல்லும் நிலப்பகுதி, தர்மபுரி மாவட்டத்துப் பென்னாகரம் வட்டம். தமிழோடு தெலுங்கும் கன்னடமும் புழங்கும் இந்த எல்லைப்புறத்தில் ஒரே வழக்கத்துக்கு மூன்று பெயர்களைக் கேட்கலாம். தமிழர் பச்சை குத்துதல் என்பர். தெலுங்கர் பச்சபொட்டு என்பர். கன்னடர் ஹச்செ என்பர். மூன்றும் நிறத்தால் வந்த பெயர்களே. கரிய மையே ஆயினும், தோலுக்கு அடியில் தங்கியபின் அது பச்சையாகத் தோன்றுகிறபடியால் இப்பெயர்கள் வழங்கலாயின.

இப்பகுதியின் முதிய பெண்மணிகளுடைய முன்கைகளில் புள்ளிக்கோலமும் தேளும் பூவும் இன்றும் மங்கலாகத் தெரிகின்றன. ஊர் ஊராகச் சென்ற குறத்தியர் ஊசி கொண்டு குத்தியவை அவை. எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் என்னும் நூல் அந்த மை செய்யும் முறையை விவரிக்கிறது. மஞ்சள் தூளையும் அகத்தி இலையையும் சேர்த்து அரைத்து, துணியில் பூசித் திரியாக்கி, ஆமணக்கெண்ணெய் விளக்கில் எரிப்பர். மேலே கவிழ்த்த புது மண்சட்டியில் படியும் கரியைச் சுரண்டி, தாய்ப்பாலிலோ நீரிலோ குழைத்து மையாக்குவர். ஏன் இதைக் குத்திக்கொண்டீர்கள் என்று அம்மூதாட்டியரைக் கேட்டால், பலரும் சொல்லும் விடை ஒன்றுண்டு: போகும்போது நகையெல்லாம் கழற்றிவிடுவார்கள், பச்சை மட்டும்தான் கூட வரும்.

இன்று அதே மாவட்டத்து இளைஞர்கள் பெங்களூருவிலும் ஓசூரிலும் வேலைக்குச் சென்று, இயந்திர ஊசியால் டாட்டூ போட்டுக்கொண்டு திரும்புகிறார்கள். தாயின் பெயர், குழந்தையின் பாதம், காதலித்தவரின் முதலெழுத்து, சிலருக்குச் சங்கும் சக்கரமும். பாட்டியின் பச்சையைப் பார்த்து ஒருபோதும் முகம் சுளிக்காத வீட்டார், பேரனின் டாட்டூவைக் கண்டு வருந்துகிறார்கள். உலகெங்கும் பரந்திருக்கும் நம் அடியார்களின் இல்லங்களிலும் இந்த வருத்தம் உண்டு. வெளிநாட்டில் வளரும் பிள்ளை கையில் ஏதோ எழுதிக்கொண்டு வந்தால், இவனுக்கு இனி ஸமாச்ரயணம் செய்து வைக்கலாமா என்று கேட்கும் பெற்றோரும் உண்டு. திருவிலச்சினை மட்டும் என்னவாம், அதுவும் உடலில் இடும் குறிதானே என்று திருப்பிக் கேட்கும் பிள்ளையும் உண்டு. இரண்டு கேள்விகளும் நேர்மையானவை. ஆழ்வார் அருளிச்செயலைத் துணையாகக் கொண்டு அவற்றுக்கு விடை தேடுவோம்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். தான் நேசிக்கும் ஒன்றை எங்கேனும் எழுதி வைக்க வேண்டும் என்னும் ஆசை இழிந்ததன்று. ஆண்டாள் நாச்சியார் திருமொழியின் முதல் பதிகத்திலேயே, காமதேவனுடைய பூவம்புகளில் கடல்வண்ணனின் பெயரை எழுதச் சொல்கிறாள். பெரியாழ்வார் தம் திருமொழியின் கடைசிப் பதிகத்தில், எம்பெருமானுடைய வீரச் செயல்கள் ஒன்றுவிடாமல் தம் நெஞ்சமாகிய சுவரிலே எழுதிக்கொண்டதாகப் பேசுகிறார். அன்பு முற்றினால் எழுத்தாக வெளிப்பட விழைகிறது. ஆகவே தாயின் பெயரைக் கையில் எழுதிக்கொண்ட பிள்ளையைப் பார்த்து, இது நம் குலத்துக்கு ஆகாது என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுதல் பொருந்தாது. அவனிடம் அன்பு இருக்கிறது. அது எதனிடத்தில், எவ்வளவு காலத்துக்கு என்பதே ஆராய வேண்டுவது.

காலத்தைப் பற்றிய செய்தி ஒன்று இவ்விடத்தில் சிந்திக்கத்தக்கது. மேல்தோல் இடைவிடாது உதிர்ந்து புதுப்பிக்கப்படுகிறது. ஆயினும் பச்சை அழிவதில்லை. காரணம், மை அதற்கும் கீழுள்ள தோலடுக்கில் சென்று சேர்கிறது. உடலைக் காக்கும் உயிரணுக்கள் அதை வெளியிலிருந்து புகுந்த அந்நியப் பொருளாகக் கொண்டு விழுங்கிவிடுகின்றன. ஆனால் செரிக்க முடிவதில்லை. ஓர் அணு மடிந்தால் அது வைத்திருந்த மைத்துகளை மற்றோர் அணு ஏற்றுக்கொள்கிறது. இவ்வாறு உடல் தனக்கு உரியதல்லாத ஒன்றை ஆயுள் முழுதும் சிறை வைத்திருப்பதனாலேயே பச்சை நிலைத்திருக்கிறது. நினைவு மாறினாலும், அன்பு முறிந்தாலும், உடல் அந்த மையை விடுவதில்லை. காதலித்தவரின் பெயரைப் பின்னர் ஒளிக்கதிரால் அழிக்கப் பல தடவை மருத்துவரிடம் செல்லும் இளைஞர்கள் இதை அனுபவத்தில் அறிவார்கள்.

நம் ஸம்ப்ரதாயத்தில் தாபம், புண்ட்ரம், நாமம், மந்த்ரம், யாகம் என்னும் பஞ்சஸம்ஸ்காரங்களில் முதலாவது தாபம். ஆசார்யன் வலத்தோளில் திருச்சக்கரத்தையும் இடத்தோளில் திருச்சங்கையும் அக்னியில் காய்ச்சி ஒற்றுகிறார். மதுராந்தகத்தில் ஏரி காத்த ராமன் ஸந்நிதியில் பெரிய நம்பிகள் எம்பெருமானாருக்குச் செய்தருளியதும் இதுவே. வெப்பம் ஒரு கணமே தோலைத் தொடுகிறது. பலருடைய தோள்களில் சில ஆண்டுகளில் அத்தழும்பு மங்கிப்போகிறது. சிலருக்குத் தேடினாலும் கிடைப்பதில்லை. மறைந்துவிட்டதே, மறுபடியும் இட வேண்டுமா என்று கேட்பவர்களுக்குப் பெரியோர்கள் வேண்டா என்றே சொல்லி வருகிறார்கள். ஆசார்ய ஸம்பந்தம் தோலின் தழும்பைப் பற்றி நிற்பதன்று என்பதே அதற்குக் காரணம். ஆக, உறவு அறுந்தபின்னும் பச்சை நிற்கிறது. தழும்பு மறைந்தபின்னும் திருவிலச்சினையால் வந்த உறவு நிற்கிறது. இரண்டும் உடற்குறியே என்று சொல்லும் பிள்ளை இவ்வேறுபாட்டைக் கருதிப் பார்க்க வேண்டும்.

இன்னும் ஒரு வேறுபாடு உண்டு. அதைத் திருப்பல்லாண்டின் ஏழாம் பாசுரம் காட்டுகிறது. தீயையும் விஞ்சி ஒளிரும் திருவாழியின் குறியால் ஒற்றப்பெற்று, தலைமுறை தலைமுறையாக அடிமை செய்கிறோம் என்று அப்பாசுரத்தில் ஒரு குழுவினர் பேசுகிறார்கள். இவர்கள் யார்? பெரியவாச்சான்பிள்ளை வியாக்கியானத்தின்படி, முன்பு நான்காம் பாசுரத்தில் ஆழ்வாரால் அழைக்கப்பட்ட கைவல்யார்த்திகள். எம்பெருமானையும் வேண்டாது, செல்வத்தையும் வேண்டாது, தன் ஆத்மாவைத் தானே அனுபவித்துக்கொண்டிருக்க விரும்பியவர்கள் அவர்கள். அடிமையே பேறு என்றிருப்பவர்கள் முதலிலிருந்தே உடனிருக்க, குறியைப் பற்றிய பேச்சு இவர்கள் வாயிலே அமைந்திருப்பது வியப்புக்குரியது. நான் எனக்கே என்றிருந்தவன்தான், நான் வேறொருவனுக்கு உரியவன் என்பதைக் காட்டும் குறியை மிகவும் கொண்டாடுகிறான் போலும்.

இன்றைய டாட்டூவைப் பற்றி இளைஞர்கள் சொல்லும் விளக்கத்தை இதனருகில் வைத்துப் பார்ப்போம். இது என் கதை, இதன் பொருள் எனக்கு மட்டுமே தெரியும், என் உடல் என் விருப்பம் என்பதே அவ்விளக்கம். உருவத்தைத் தேர்ந்தெடுப்பவன் தானே. இடத்தைத் தேர்ந்தெடுப்பவனும் தானே. திருவிலச்சினையிலோ தேர்வுக்கு இடமே இல்லை. அரசன் தோளிலும் ஆயன் தோளிலும் அதே சங்கம், அதே சக்கரம். தனக்கெனத் தனிப்பொருள் எவருக்கும் கிடையாது. அப்பாசுரத்தின் பேச்சும் நான் என்னும் ஒருமையை விட்டு, நாம் என்னும் பன்மையிலும் தலைமுறைகளின் வரிசையிலும் நிற்கிறது. அதே பாசுரத்தின் பிற்பகுதி வாணாசுரனுடைய ஆயிரந்தோள்களைத் துணித்த ஆழியைப் பேசுகிறது. என் தோள் என்று தருக்கிய ஆயிரத்தையும் அறுத்த சக்கரமே, உன் தோள் என்று கொடுத்தவனுடைய தோளில் மெல்ல ஒற்றி அடையாளமாக நிற்கிறது என்று நாம் அனுபவிக்கலாம்.

யாருக்கு உரியது என்று காட்டுவதே அக்குறியின் பணி என்பதற்கு நம் நிலத்திலேயே சான்று உண்டு. பண்டை நாளில் அரசர்கள் திருமால் கோயிலுக்கு நிலம் விட்டபோது, அதன் எல்லைகளில் சக்கரம் பொறித்த கல்லை நாட்டினர். கல்வெட்டுகள் அதைத் திருவாழிக்கல் என்கின்றன. சிவன் கோயில் நிலத்துக்குச் சூலக்கல் நாட்டினர். கல் நாட்டியதனால் மண்ணின் நிறம் மாறவில்லை. அதில் விளைவது யாருக்குச் சேரும் என்பது மாறியது. பெரியாழ்வார் முன்சொன்ன பதிகத்தின் தொடக்கத்தில், தம்மோடு தம் உடைமைகளையும் சேர்த்துச் சக்கரப்பொறியால் ஒற்றிக்கொள்ளும்படி எம்பெருமானிடம் விண்ணப்பிக்கிறார். தோளில் பொறி இட்டு, விளைச்சலை மட்டும் தனக்கென்று வைத்துக்கொள்ளலாகாது என்பது அதில் அடங்கிய பொருள்.

குறி என்றாலே உயர்ந்தது என்றும் சொல்வதற்கில்லை. ஆங்கிலேயக் கம்பெனி ஆட்சியில் கைதிகளின் நெற்றியில் பச்சை குத்தும் தண்டனை 1849 வரை இருந்தது. அது ஒருவனை அவன் விருப்பத்துக்கு மாறாக இழிவோடு பிணைத்த குறி. தாபமோ, அடியேனை ஆட்கொள்ள வேண்டும் என்று சிஷ்யன் தானே வந்து வேண்டிப் பெறுவது. ஆகவே புரியாத பிள்ளையைப் பெற்றோரின் அச்சத்துக்காகவோ ஊர்ப் பேச்சுக்காகவோ இழுத்துச் சென்று நிறுத்துவது, அக்குறியின் பொருளையே குறைப்பதாகும். பொருளை எடுத்துச் சொல்லி, ஆசை பிறந்தபின் அழைத்துச் செல்வதே தகும்.

மறுபக்கத்தில் சத்தீஸ்கரின் ராம்நாமிகளை நினைப்போம். தாழ்ந்த குலத்தார் என்று கோயில்களில் தடுக்கப்பட்ட அம்மக்கள், 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பரசுராம் என்பவரைப் பின்பற்றி, ராமநாமத்தைத் தம் மேனியில் பச்சை குத்திக்கொள்ளத் தொடங்கினர். முகத்திலும் நாவிலும்கூடக் குத்திக்கொண்டவர்கள் உண்டு. கதவு மூடப்பட்டபோது தம் உடலையே ராமநாமம் இருக்கும் இடமாக்கிக்கொண்டனர். ஆசார்யன் அக்னியில் காய்ச்சி இட்டதன்று, ஸம்ஸ்காரம் அன்று என்று நம் நூல்நெறிப்படி நாம் சொல்லலாம். ஆனால் அந்நாமத்தின் முன் நம் தலை தாழாவிட்டால், நம் தோளில் உள்ள சக்கரம் நமக்கு எதையும் கற்பிக்கவில்லை என்றே பொருள்.

இனி நடைமுறைக்கு வருவோம். சங்கும் சக்கரமும் அழகாக இருக்கின்றன என்று டாட்டூ கடையில் போட்டுக்கொள்வது ஸமாச்ரயணம் ஆகாது. ஆசார்யனும் இல்லை, மந்த்ரோபதேசமும் இல்லை, கைங்கர்யத்தில் சேர்ப்பதும் இல்லை. எம்பெருமானுடைய திருச்சின்னங்களைக் காலிலோ இடுப்புக்குக் கீழோ குத்திக்கொள்வது அபசாரம். அடியார்கள் அதை ஒருபோதும் செய்யலாகாது. ஒருமுறை பயன்படுத்திய ஊசியால் கல்லீரல் அழற்சி முதலிய நோய்கள் பரவும் என்பதையும் மறத்தலாகாது. எதையும் குத்திக்கொள்ளுமுன், உடலும் எம்பெருமானுக்குச் சரீரமாக உள்ள வஸ்து என்னும் நம் ஸித்தாந்தத்தை ஒருமுறை நினைத்தால், என் உடல் என் விருப்பம் என்ற சொல் சற்றே தயங்கும்.

ஆனால் ஏற்கெனவே குத்திக்கொண்டவர்? அவர் வரட்டும். அழித்துவிட்டு வா என்று வாசலில் நிறுத்த நாம் யார்? பொன்னாச்சியின் கண்ணழகில் ஈடுபட்டு, வெயிலில் அவளுக்குக் குடை பிடித்து நடந்த உறங்காவில்லியை எம்பெருமானார் விலக்கவில்லை. அதைவிட அழகிய கண்ணைக் காட்டுகிறேன் என்று நம்பெருமாள் முன் நிறுத்தினார். அந்த அன்பே திசை மாறி, பிள்ளை உறங்காவில்லி தாஸர் என்னும் அடியாரை நமக்குத் தந்தது. கையில் மனைவியின் பெயரோ மறைந்த தந்தையின் முகமோ பச்சையாக இருக்கும் ஒருவன் ஆசார்யனை நாடி வந்தால், அன்பு செய்யத் தெரிந்தவன் வந்திருக்கிறான் என்று கோஷ்டி மகிழ வேண்டும். முன்கையில் இருப்பது அவன் கடந்து வந்த வாழ்வு. தோளில் இடப்போவது அவன் யாருக்கு உரியவன் என்பது. ஒன்றை அழித்துத்தான் மற்றது வர வேண்டும் என்பதில்லை.

போகும்போது பச்சை மட்டும் கூட வரும் என்று நம்பிய மூதாட்டியின் சொல்லிலும் ஓர் உண்மை ஏக்கம் இருக்கிறது. எல்லாவற்றையும் கழற்றிவிட்டபின் நம்முடன் வருவது எது என்னும் கேள்வி அது. பச்சையும் தாபத்தின் தழும்பும் இந்த உடலோடு ஒரே நெருப்பில் வெந்துபோகும். அதற்கப்பாலும் வருவது, இவன் ராமாநுஜ தாஸன் என்று ஆசார்யன் நமக்காகச் சொன்ன சொல். அச்சொல்லுக்கு ஏற்ப நடக்கிறோமா என்று தோளைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளும் நாள்கள் நமக்கு இன்னும் இருக்கின்றன. பிள்ளைகளின் கைகளைப் பார்த்து வருந்துமுன் அதைச் செய்வோம்.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.