சயாமுக்குப் போனவர்களும் பெயர் கொடுத்தவர்களும்

கனடிய விமானி லியோனார்ட் பர்ச்சால் 1942 ஏப்ரல் 4 அன்று தென்னிலங்கையின் கொக்கலையிலிருந்து கடல் விமானத்தில் கிளம்பினார். இலங்கையை நோக்கி வந்துகொண்டிருந்த ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டு செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும்போதே சுட்டு வீழ்த்தப்பட்டார். ஒன்பது பேரில் மூவர் இறந்தார்கள், மற்றவர்கள் கைதிகள். மறுநாள் கொழும்பில் குண்டு விழுந்தபோது துறைமுகத்துக் கப்பல்கள் பல முன்பே வெளியேறியிருந்தன. 'இலங்கையின் இரட்சகர்' என்ற பட்டம் அப்படி வந்தது.

எனக்கு அந்தப் பறப்பைவிட அதற்குப் பிறகு ஜப்பானிய முகாம்களில் அவர் நடந்துகொண்ட விதம்தான் பெரிது. நோயாளிகளை வேலைக்கு இழுத்தபோது குறுக்கே நின்று அடி வாங்கினார். அவர்களை விடும்வரை நாங்களும் போகமாட்டோம் என்று மற்றக் கைதிகளை உட்கார வைத்தார். ரகசியமாக நாட்குறிப்பு எழுதினார். போருக்குப் பின் நடந்த குற்ற விசாரணைகளில் அது சாட்சியமானது. 2004-இல் அவர் இறந்தபோது நினைத்துப் பார்க்க வேண்டிய எல்லாமே தேதியோடு இருந்தன.

ஜொகூரில் இருந்துகொண்டு இதை வாசிக்கும்போது கொஞ்சம் உறுத்துகிறது. இங்கேயும் விமானிகள் செத்திருக்கிறார்கள். 1942 ஜனவரி 26 அன்று எண்டாவில் ஜப்பானியர் தரையிறங்கியபோது, அவர்களைத் தாக்கப் போன பழைய இரட்டைச் சிறகு விமானங்களில் பத்துக்கு மேல் விழுந்தன. உடல் கிடைக்காத விமானப்படையினருக்கும் சிங்கப்பூர் கிராஞ்சியில் சுவர் உண்டு. 24,000-க்கும் அதிகமான பெயர்கள், நம் சிப்பாய்களையும் சேர்த்து.

அதே ஆண்டுகளில் தோட்டங்களிலிருந்து போனவர்களுக்கு? 415 கிலோமீட்டர் சயாம் ரயில் பாதையில் 12,000-க்கு மேற்பட்ட போர்க்கைதிகள் இறந்தார்கள். காஞ்சனபுரி மயானத்தில் ஏறக்குறைய 7,000 பேருக்குத் தனித்தனிக் கல். ஆசியத் தொழிலாளர்கள் லட்சத்துக்கும் மேல், அதில் மலாயாத் தமிழர்கள் பல்லாயிரம். செத்தவர் கணக்கு ஆளுக்கு ஆள் மாறுகிறது, அதுவும் பத்தாயிரக் கணக்கில். நம் வீடுகளில் மிஞ்சியது ஒரே வாக்கியம்தான்: "சயாமுக்குப் போனாரு, வரல."

வெள்ளைக்காரன் தன் ஆளை மட்டும் எண்ணினான் என்று சொல்லி முடித்துவிடலாம். உண்மைதான். ஆனால் பாதி உண்மை. தோட்டத்து ஆள்களின் பெயர்கள் எழுதப்படாமல் இல்லை. செக்ரோலில் இருந்தன. இத்தனை தலை வேண்டும் என்று ஜப்பானியன் கேட்டான். யார் அந்தத் தலைகள் என்பதைப் பல தோட்டங்களில் நம் கிராணியும் கங்காணியும்தான் சொன்னார்கள். பெரட்டில் நின்றவர்களில் யாரை விடுவது, யாரை அனுப்புவது? சொந்தக்காரன், சாதிக்காரன், வாயாடி, பிடிக்காதவன் என்ற கணக்கெல்லாம் அந்த நேரத்தில் ஓடியிருக்காது என்று நம்ப எனக்கு முடியவில்லை.

"கழுத்துல கத்தி, அவங்க என்ன செய்வாங்க?" என்பார்கள். சரி. கிராணியைப் பர்ச்சாலாக இருந்திருக்கச் சொல்ல எனக்கு உரிமையில்லை. பர்ச்சால் அதிகாரி, பின்னால் நின்றவர்கள் அவர் சொல் கேட்கும் படையாட்கள். தோட்டத்துக்காரனுக்கு அப்படி நின்று பேச ஒரு அதிகாரியும் இல்லை. ஆனால் கட்டாயத்தில் செய்தான் என்பது அவனை மன்னிக்கக் காரணமாகலாம், அவன் செய்ததை மறைக்கக் காரணமாகாது. பர்ச்சாலின் நாட்குறிப்பில் அடிபட்டவனோடு அடித்தவனும் இருந்தான். அதனால்தான் அது சாட்சியம். நம் வீட்டு வாக்கியத்தில் போனவர் மட்டும் இருக்கிறார். அனுப்பியவர் இல்லை.

ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' நாவல்கள் நாட்குறிப்பு செய்திருக்க வேண்டிய வேலையைக் கொஞ்சம் செய்தன. நாவலில் பாத்திரங்களுக்குப் பெயர் மாற்றிவிடலாம், வாசகனும் அழுதுவிட்டுப் போகலாம். குடும்பத்துக்குள் அது நடக்காது. போனவரின் பேத்தியும் பெயர் கொடுத்தவரின் பேரனும் இன்று குளுவாங்கிலோ சிகாமட்டிலோ ஒரே தமானில் இருக்கிறார்கள். சம்பந்தியாகவும் ஆகியிருப்பார்கள். யாரையும் கூண்டில் ஏற்ற இனி ஆளில்லை, செத்துப்போனார்கள். பிறகு எதற்குக் கிளற வேண்டும் என்றால், வராதவரைப் பற்றி அவர் குடும்பத்துக்குத் தெரியவேண்டியது அவர் எப்படிச் செத்தார் என்பது மட்டுமில்லை, ஏன் அவர் போனார் என்பதும்தான். அது விதி என்றே இத்தனை நாள் அந்த வீட்டுப் பெண்களுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது.

தொண்ணூறைத் தாண்டியவர்கள் சிலர் இன்னும் இருக்கிறார்கள், அப்போது சிறு பிள்ளைகளாக இருந்தவர்கள். எந்தத் தோட்டம், எத்தனையாவது லயம் என்று கேட்டால் டக்கென்று சொல்வார்கள். அன்றைக்குப் பெரட்டில் பெயர் வாசித்தது யார் என்று கேட்டுப் பாருங்கள். "அதெல்லாம் எதுக்குய்யா இப்ப" என்பார்கள். இன்னொரு தடவை கேளுங்கள்.